நடுவில் 15 மில்லிமீட்டர்

பார்ப்பதற்கு அது வெறும் அலுமினிய வட்டு. தடிமன் 15 மி.மீ., எடை ஏறக்குறைய அரைக் கிலோ. நடுவே 57.1 மி.மீ. விட்டத்தில் ஒரு பெரிய துளை, அதைச் சுற்றி ஐந்து சிறிய துளைகள். அந்த ஐந்தின் மையங்களையும் தொட்டு ஒரு வட்டம் போட்டால் விட்டம் சரியாக 100 மி.மீ. வரும். பட்டறையில் இதை பி.சி.டி. என்பார்கள். ‘அஞ்சு இன்ட்டு நூறு’ என்று சொன்னாலே போதும், வந்திருக்கும் வண்டி ஃபோக்ஸ்வாகன் போலோ, இல்லையென்றால் அதன் பங்காளியான ஸ்கோடா ரேபிட் என்று மிஸ்திரிக்குத் தெரிந்துவிடும். ‘நாலு இன்ட்டு நூறு’ என்றால் ஸ்விஃப்ட். ஒன்றுக்குச் செய்த வட்டு, அதாவது ஸ்பேசர், மற்றொன்றுக்குச் சேராது. பிறக்கும்போதே எந்த வண்டிக்கு வாழ்க்கைப்பட வேண்டும் என்பது அதற்கு முடிவாகிவிடுகிறது.

கள்ளக்குறிச்சியில் அது வந்து சேருவது பெரும்பாலும் ஒரு பழைய போலோவிடம். பூனாவுக்குப் பக்கத்தில் சாகன் ஆலையில் 2009 கடைசியில் தொடங்கிய போலோ உற்பத்தி 2022இல் நின்றது. நின்ற பிறகுதான் அந்தக் காருக்கு இளைஞர்களிடம் மவுசு கூடியது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஒரு செகண்ட் ஹேண்ட் போலோ. அடுத்த ஆறு மாதத்தில் அதை லோ பண்ண வேண்டும் என்ற ஆசை. தரைக்கும் காரின் அடிவயிற்றுக்கும் இடையே கம்பெனி விட்டிருப்பது சுமார் 165 மி.மீ. ஐரோப்பாவில் விற்கும் போலோவைவிட இங்கே வேண்டுமென்றே உயர்த்திக் கொடுத்தார்கள், நம் சாலைகளைப் பார்த்துவிட்டு. அந்த உயரத்தில் 40 மி.மீ.யைக் குட்டை ஸ்பிரிங் போட்டோ, ஸ்பிரிங்கையே வெட்டியோ கழித்துவிடுகிறார்கள். வெட்டுவது மலிவு; வெட்டிய ஸ்பிரிங் பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது தன் இருக்கையை விட்டு நழுவும் என்பதைப் பிறகுதான் கண்டுகொள்கிறார்கள்.

தாழ்த்தியதும் ஒரு புதுக் குறை கண்ணில் உறுத்தும். வண்டி இறங்கிவிட்டது, ஆனால் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி நிற்கின்றன. மேலே மட்கார்டு அகலமாக, கீழே டயர் குறுகலாக. இந்த இடத்தில்தான் ஸ்பேசர் கதைக்குள் நுழைகிறது. சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே அதைச் செருகினால் ஒவ்வொரு சக்கரமும் 15 மி.மீ. வெளியே வரும், இரண்டு பக்கமும் சேர்த்து 30. அழகுக்கு மட்டுமல்ல, அகலமான மேக் வீல் போட்டவர்களுக்கு டயர் ஸ்பிரிங்கில் உரசாமல் இருக்கவும் சில நேரம் இது வேண்டியிருக்கும்.

இது ஏதோ வெளிநாட்டுக் கிறுக்கு என்று பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் சக்கர அகலத்தை மாற்றுவது கள்ளக்குறிச்சிக்குப் புதிய சங்கதி அல்ல. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ள கரும்புச் சீமை இது. கரும்புக்கும் மரவள்ளிக்கும் பார் இடைவெளி வேறு வேறு. அதற்குத் தக்கபடி டிராக்டரின் பின்சக்கரத்தைக் கழற்றி, ரிம்மையும் அதன் நடுத்தட்டையும் திருப்பிப் போட்டு அகலத்தைக் கூட்டிக் குறைப்பது உழவருக்குப் பழகிய வேலைதான். டிராக்டர் செய்கிற கம்பெனியே அதற்கு வழி வைத்து அனுப்புகிறது. போர்ஷேகூட ஒரு காலத்தில் 911 டர்போவின் பின்சக்கரங்களுக்கு ஆலையிலேயே ஸ்பேசர் வைத்து அனுப்பியது. செய்யலாமா கூடாதா என்பதைவிட எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைப் பேசுவதற்குமுன் வட்டு எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்துவிடலாம்.

கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலையின் மேற்கு விளிம்பில் நின்றால் எதிரே தெரிவது சேர்வராயன். அந்த ஏற்காட்டு உச்சிகளிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் வெட்டி, மேட்டூரில் அலுமினியம் காய்ச்சியது மால்கோ என்ற மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி. இத்தாலியின் மாண்டகட்டினி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1965இல் அங்கே உற்பத்தி தொடங்கியது. ஒரு டன் அலுமினியம் எடுக்க நான்கு டன் அளவுக்குப் பாக்சைட் மண் போக வேண்டும். மின்சாரமோ 13,000 யூனிட்டுக்குமேல் விழுங்கும். அணைக்கட்டு மின்சாரத்தை நம்பித்தான் மேட்டூரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2008 கடைசியில் அந்த உலைகள் அணைந்தன. இன்று நாட்டின் அலுமினியத்தில் பெரும்பங்கு ஒடிசாவிலிருந்து வருகிறது. அங்கே நால்கோ தோண்டும் பஞ்சபட்மாலி சுரங்கமும் கோராபுட் பக்கத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலையில்தான் இருக்கிறது. கல்வராயன் அதே தொடரின் தென்கோடித் துண்டுகளில் ஒன்று.

வெறும் அலுமினியம் மிருதுவானது, சக்கரத்தைத் தாங்காது. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்கு மெக்னீசியமும் அதைவிடக் கொஞ்சம் குறைவாகச் சிலிக்கானும் கலந்தால் 6061 என்ற கலவை கிடைக்கும். 530 டிகிரிக்குச் சூடேற்றி, சட்டென்று தண்ணீரில் அமிழ்த்தி, மறுபடி 170 டிகிரி வாக்கில் பல மணி நேரம் வாட்டினால் அது கெட்டிப்படும். இந்தப் பதத்துக்கு டி6 என்று பெயர். ஸ்பேசர் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்தப் பதம்தான். கேட்கப்படுவது என்னவோ கறுப்பா, சிவப்பா என்ற நிறம்.

தண்டாக வந்த அலுமினியம் வட்டாவது லேத்தில். கோயம்புத்தூரில் கணினி லேத்துகள் வைத்திருக்கும் சிறு பட்டறைகளுக்குக் கணக்கில்லை. அந்த லேத்துகளில் பலவற்றை அதே ஊரின் லட்சுமி மெஷின் வொர்க்ஸ் செய்கிறது. தண்டை அறுத்து, இரண்டு முகத்தையும் கடைந்து, துளை போட்டு, விளிம்பைத் தட்டிவிட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும். இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்பதும், நடுத்துளை 57.1 என்றால் 57.1ஆகவே இருக்க வேண்டும் என்பதும்தான் கடினமான பகுதி. ஹப்பின் நடுவே சற்று எழும்பி நிற்கும் வளையம் ஒன்று உண்டு. ஸ்பேசர் அதில் இறுக்கமாக உட்கார வேண்டும். ஸ்பேசரின் மறுமுகத்திலும் அதே அளவில் ஒரு வளையம் எழும்பி நின்று சக்கரத்தைத் தாங்க வேண்டும். மலிவுச் சரக்கில் இந்த வளையம் இருக்காது, அல்லது பல வண்டிக்கும் சேரட்டும் என்று துளையைப் பெரிதாக விட்டிருப்பார்கள். அப்போது சக்கரத்தை நடுவில் நிறுத்துகிற வேலையும் போல்ட்டுகளின் தலையில் விழும்.

அந்த விலகல் உள்ளூர்த் தெருவில் தெரியாது. சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நான்குவழிச் சாலையில் நூறைத் தொட்டதும் தெரியும். அந்த வேகத்தில் போலோவின் சக்கரம் நொடிக்குச் சுமார் 15 முறை சுற்றுகிறது. நடு கொஞ்சம் விலகியிருந்தாலும் ஸ்டீயரிங் கையில் உதறும். வீல் பேலன்ஸ் செய்து செய்து பார்ப்பார்கள், தீராது. ஏனென்றால் பேலன்ஸ் மிஷினில் ஏறுவது சக்கரம் மட்டும், ஸ்பேசர் காரிலேயே நிற்கிறது.

வட்டின் பிறப்பு இப்படி. அதோடு கூட வர வேண்டிய போல்ட்டின் பிறப்பு வேறு உலையில். ஸ்விஃப்ட் போன்ற ஜப்பானியக் கார்களில் ஹப்பிலிருந்து ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் நட்டை முடுக்குவோம். போலோவில் ஹப்பில் மரை போட்ட துளை மட்டும்தான். வெளியிலிருந்து போல்ட்டைச் செருகி முடுக்க வேண்டும். 14 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி, தலைக்குக் கீழே 27 மி.மீ. நீளம். 15 மி.மீ. ஸ்பேசர் நடுவில் வந்தால் 42 மி.மீ. நீள போல்ட் வேண்டும். கூட்டல் கணக்கு சின்னப் பிள்ளையும் போடும். அதைச் செய்யாமல் பழைய போல்ட்டையே முடுக்கி அனுப்பும் வண்டிகளும் சாலையில் ஓடுகின்றன.

சேலத்துக்கு அப்பால் மேச்சேரி பக்கம் பொட்டனேரியில் ஜே.எஸ்.டபிள்யூ.வின் ஆலை வாகன உதிரிபாகங்களுக்கான கலப்பு எஃகைக் கம்பியாகவும் தண்டாகவும் உருட்டுகிறது. சென்னை பாடியில் 1966இல் உற்பத்தியைத் தொடங்கிய சுந்தரம் ஃபாஸனர்ஸ் அத்தகைய எஃகைப் போல்ட்டாக்கும் மூத்த நிறுவனங்களில் ஒன்று. உயர்வலு போல்ட் எந்த ஆலையில் பிறந்தாலும் அது கடந்துவரும் கட்டங்கள் ஒன்றுதான். கம்பியைப் பதமாக்கி இழுத்து, வெட்டி, குளிர்ந்த நிலையிலேயே அடித்துத் தலையை உருவாக்குகிறார்கள். மரையை வெட்டுவதில்லை, இரண்டு அச்சுகளுக்கு நடுவே உருட்டி அழுத்துகிறார்கள். வெட்டினால் எஃகின் இழை அறுபடும், உருட்டினால் மரையின் வளைவோடே இழையும் வளையும். அதனால்தான் லேத்தில் மரை வெட்டி ‘அதே மாதிரி’ செய்துதரும் போல்ட்டைச் சக்கரத்தில் போடக் கூடாது என்கிறோம். பிறகு சூடேற்றி எண்ணெயில் தணித்து, மறுபடி வாட்டி, தலையில் 10.9 என்று முத்திரை. முதல் எண் 10 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1,000 நியூட்டன் இழுவையைத் தாங்கும்; .9 என்றால் அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை இழுத்தாலும் விட்டவுடன் பழைய நீளத்துக்குத் திரும்பும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கம்பெனி நீளத்துப் போல்ட் கிடைக்கும். 42 மி.மீ. நீளம் பெரும்பாலும் பார்சலில்தான் வர வேண்டும். வட்டு ஒரு பொட்டலமாகவும் போல்ட் வேறொரு பொட்டலமாகவும், ஒரு வாரம் முன்பின்னாக, ஆத்தூர், சின்னசேலம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து சேரும். வட்டு முதலில் வந்துவிட்டால் ஆபத்து. பொறுமை இருக்காது.

“அண்ணே, இன்னைக்கே மாட்டிடலாம்ணே. நாளைக்கு வெள்ளிமலை போறோம், பசங்க எல்லாம் ரெடி.”

“போல்ட் எங்கடா தம்பி?”

“அது வியாழக்கிழமை வந்துரும்ணே. அதுவரைக்கும் இருக்கறதையே...”

“எத்தனை சுத்து புடிக்குதுன்னு எண்ணிப் பாத்தியா?”

கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். பழைய போல்ட்டைப் பழைய சக்கரத்தில் வைத்து, கையால் முடுக்கி, எத்தனை முழுச் சுற்றில் தலை உட்காருகிறது என்று எண்ண வேண்டும். ஸ்பேசரும் நீள போல்ட்டும் வைத்து அதே எண்ணிக்கை வந்தாக வேண்டும். மரை கடித்திருக்கும் ஆழம் போல்ட்டின் விட்டத்துக்குக் குறையக் கூடாது என்பது பொதுக்கணக்கு. 14 மி.மீ. போல்ட்டில், சுற்றுக்கு 1.5 மி.மீ. வீதம், ஒன்பது சுற்றுக்குமேல். ஐந்து மி.மீ. ஸ்பேசர்தானே என்று பழைய போல்ட்டோடு மாட்டினால் மூன்று சுற்றுக்குமேல் போய்விடும். பதினைந்து என்றால் பத்துச் சுற்று போய்விடும், மிஞ்சுவது சொல்லும்படியாக ஒன்றுமில்லை.

போல்ட்டின் தோளையும் பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் கம்பெனிச் சக்கரங்களில் போல்ட் உட்காரும் குழி கிண்ணம்போல் உருண்டையானது. வெளியே விற்கும் மேக் வீல்கள் பலவற்றில் கூம்பு வடிவம். உருண்டைக் குழியில் கூம்பு போல்ட் போட்டால் மெல்லிய ஒரு கோட்டில்தான் தொடும். முடுக்கும்போது இறுகிவிட்டதுபோல் இருக்கும். நூறு கிலோமீட்டரில் அந்தக் கோடு நசுங்கி போல்ட் தளரும்.

இனி இந்த வட்டின் வாழ்க்கையில் முக்கியமான இடம். சக்கரத்தைப் போல்ட்டுகள் தாங்கிப் பிடித்திருக்கின்றன, சட்டை ஆணியில் தொங்குவதுபோலச் சக்கரம் அவற்றில் தொங்குகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. போலோவுக்குக் கம்பெனி சொல்லும் முறுக்கு 120 நியூட்டன் மீட்டர். உலர்ந்த மரையில் அந்த அளவு முடுக்கினால் ஒவ்வொரு போல்ட்டும் நான்கு டன்னுக்குமேல் இழுவிசையோடு சக்கரத்தை ஹப்பின்மேல் அழுத்துகிறது. ஐந்தும் சேர்ந்து இருபது டன் அளவுக்கு. அந்த அழுத்தத்தால் இரண்டு உலோக முகங்களுக்கு நடுவே எழும் உராய்வுதான் காரைச் சுமக்கிறது, பிரேக்கைத் தாங்குகிறது, வளைவில் திருப்புகிறது. உராய்வை எவ்வளவு குறைத்துக் கணக்கிட்டாலும் ஒரு சக்கரத்துக்கு மூன்று டன் வரை வழுக்காமல் நிற்கும். காரின் மொத்த எடையே ஒரு டன் சொச்சம்தான். போல்ட் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் பக்கவாட்டுச் சுமை அதற்கு வரவே வராது.

முகங்கள் வழுக்கத் தொடங்கினால் கதை மாறிவிடும். ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் எழுதிய ஆய்வில் இதைக் காட்டினார்: போல்ட் தானாகக் கழல்வதற்குப் பெரிய காரணம் மேலும் கீழுமான அதிர்வு அல்ல, இறுக்கிப் பிடித்த பொருள்கள் பக்கவாட்டில் நூலிழை நகர்வது. ஒவ்வொரு நகர்விலும் மரையின் உராய்வு ஒரு கணம் விட்டுப்போகும், போல்ட் ஒரு துளி பின்னால் சுழலும். பழைய லாரிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடமரை வைத்திருந்ததும் இந்தப் பயத்தில்தான்.

ஸ்பேசர் இல்லாத காரில் ஹப்பும் சக்கரமும் சந்திக்கும் முகம் ஒன்று. ஸ்பேசர் வந்தால் இரண்டாகிறது. அழுக்கு, துரு, வண்ணம் என்று எது சிக்கினாலும் நசுங்கி இடம் கொடுக்க இரண்டு இடங்கள். நியாயமாகச் சொன்னால் நீள போல்ட் ஓரளவுக்கு இதைச் சரிக்கட்டுகிறது. முடுக்கும்போது போல்ட் நீள்கிறது, 15 மி.மீ. கூடுதல் நீளத்துக்கு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு கூடுதலாக நீளும். அவ்வளவு கூடுதல் இருப்பு கையில் இருப்பதால் முகங்கள் கொஞ்சம் நசுங்கினாலும் இழுவிசை முழுக்க வற்றிவிடாது. ஆனால் ஸ்பேசரின் இரண்டு முகத்திலும் தடித்த பவுடர் கோட்டிங் இருந்தால் அந்த வண்ணம் மட்டுமே இந்த இருப்பை எல்லாம் தின்றுவிடும். நிறம் பார்த்து வாங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆகவே மாட்டும் வேலையில் பெரும்பகுதி சுத்தம் செய்வதுதான். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஹப்பின் முகத்தில் படிந்த துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். நடு வளையத்தைச் சுற்றியுள்ள மூலையில் ஒட்டிய துருதான் கள்ளத்தனமானது. அதன்மேல் வட்டு உட்கார்ந்தால் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். வட்டைக் கையால் அழுத்திச் சுற்றிப் பார்த்து, ஆட்டமில்லாமல் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். வளையத்தின் விளிம்பில் மட்டும் மெல்லக் கிரீஸ் தடவலாம். தடவாவிட்டால் ஐப்பசி மழையில் அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் பூத்து ஒட்டிக்கொள்ளும், பிறகு சுத்தியல் இல்லாமல் வராது. மரையிலும் தோளிலும் எண்ணெய் படக் கூடாது. எண்ணெய் இருந்தால் அதே முறுக்குக்கு இழுவிசை எகிறும்.

எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் ஏற்ற வேண்டும். ஏர் கன்னை எடுத்த எடுப்பில் வைக்கக் கூடாது. குறுக்கே ஏறிய மரை அப்போதைக்கு இறங்கிவிடும், ஹப்பின் மரை போய்விடும். நட்சத்திர வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாக முடுக்கி, சக்கரத்தைத் தரையில் இறக்கி, டார்க் ரெஞ்சால் 120. நம் ஊரில் அந்த ரெஞ்சுக்குப் பதில் ஒரு கால் இருக்கிறது. அறுபது கிலோ ஆள் நாற்பது சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றால் விழும் முறுக்கு ஏறக்குறைய 235. தேவையைப்போல் இரண்டு மடங்கு. மரையில் எண்ணெயும் இருந்தால் போல்ட் திரும்பிவர முடியாத எல்லையைத் தாண்டி நீண்டுவிடும். ‘நல்லா டைட் வெச்சிருக்கேன்’ என்ற பெருமைக்கு அடியில் செத்துப்போன போல்ட்டுகள் இருக்கக்கூடும்.

பின்சக்கரத்தில் ஒன்று விசேஷமாகச் சொல்ல வேண்டும். போலோவின் பின்னால் டிரம் பிரேக். ஹப்பின் மரைத் துளை உள்பக்கம் திறந்திருக்கும். நீள போல்ட்டை ஸ்பேசர் இல்லாமல் முடுக்கினால் நுனி உள்ளே நீண்டு பிரேக் ஷூவின் பாகங்களில் இடிக்கும். ஆகவே ஸ்பேசரைக் கழற்றுகிற அன்று நீள போல்ட்டையும் கழற்றியாக வேண்டும். கம்பெனி போல்ட்டுகள் எப்போதும் டிக்கியில் ஒரு பையில் கிடக்க வேண்டும், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில். ஊரில் பஞ்சரானால் போன் செய்து எடுத்துவரச் சொல்லலாம். மலையில் முடியாது.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிப் போனால் ஏற்றம் ஆரம்பம். கல்வராயன் மலையின் வடபகுதி சின்னக் கல்வராயன், உயரம் 2,700 அடி வாக்கில். தென்பகுதியான பெரிய கல்வராயன் 4,000 அடி வரை எழும்புகிறது. இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் கையிலிருந்து அரசின் கைக்கு வந்ததே 1976இல்தான். மலையாளிப் பழங்குடியினர் சாமையும் மரவள்ளியும் கடுக்காயும் தலைச்சுமையாக இறக்கிய பாதைகள் பல அதற்குப் பிறகு தார் கண்டன. இன்னும் தார் காணாத கிராமங்களும் உண்டு. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை வட்டமும் அதில் சேர்ந்தது. மலைக்காரர்களின் வண்டி பொலிரோ பிக்கப்: உயரம், பட்டை ஸ்பிரிங், பின்னால் மூட்டைகளுக்குமேல் ஆட்கள். அந்தச் சாலையில் தரையை நக்கிக்கொண்டு ஒரு போலோ ஏறுவதைப் பார்த்தால் பிக்கப்காரர் ஒதுங்கி வழிவிடுவார், இரக்கத்தில்.

ஊரெல்லையில் வேகத்தடை. இந்தியச் சாலைப் பேராயத்தின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாக, மெல்ல எழும்பி மெல்ல இறங்க வேண்டும். அப்படிப் போட்டால் 125 மி.மீ.க்குத் தாழ்த்திய காரும் தப்பிக்கும். நம் கிராமத்து வேகத்தடை உயரத்தில் விதியை மீறும், அகலத்தில் ஒரு முழத்தோடு நின்றுவிடும். காரைக் கோணலாக ஏற்றி ஒவ்வொரு சக்கரமாக இறக்குவார்கள். அப்போது ஒரு சக்கரம் முழுக்க மேலே ஏறி அழுந்தும். 15 மி.மீ. வெளியே தள்ளிய டயரின் விளிம்பு மட்கார்டின் உதட்டில் உரசும். ‘கர்ர்’ என்று ஒரு சத்தம், ரப்பர் வாடை. கொண்டையூசி வளைவில், ஐந்து பேர் உட்கார்ந்திருக்கையில், வெளிப்பக்கச் சக்கரத்திலும் அதே சத்தம். கூடவே வீல் பேரிங்குக்கும் வேலை கூடுகிறது. சுமை அதன் நடுவைவிட்டு வெளியே தள்ளி விழுவதால் நெம்புகோல்போல் அதை மடக்கப் பார்க்கும். உடனே எதுவும் உடையாது. பேரிங்கின் ஆயுள் குறையும், ஒரு நாள் ‘ஊம்’ என்று பாடத் தொடங்கும்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் வட்டுக்குச் சோதனை. பெரியார் அருவியில் குளித்துவிட்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு, கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்குவார்கள். முன்சக்கரத்து டிஸ்க் தகிக்கும், சூடு ஹப் வழியே ஸ்பேசருக்கு ஏறும். சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். நூறு டிகிரி கூடினால் 15 மி.மீ. வட்டு போல்ட்டைவிட மில்லிமீட்டரில் நூறில் ஒன்றரைப் பங்கு அதிகம் தடிக்கப் பார்க்கும். மேலே சொன்ன போல்ட் நீட்சியோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் இது சின்ன அளவு அல்ல என்பது புரியும். இறங்கும்போது இழுவிசை ஏறும், அடிவாரத்தில் ஆறும்போது இறங்கும். நடுவில் சிக்கிய துருவோ வண்ணமோ அந்தக் கூடுதல் அழுத்தத்தில் நசுங்கியிருந்தால், ஆறிய பிறகு பழைய இறுக்கம் திரும்பாது. புது ஸ்பேசர் மாட்டி ஐம்பதிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள், சக்கரம் நன்றாக ஆறிய நிலையில், மறுபடி முடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஸ்பேசர் கம்பெனியும் சொல்வதற்குக் காரணம் இதுதான். கள்ளக்குறிச்சியில் மாட்டி வெள்ளிமலை போய்த் திரும்பினாலே அந்தத் தூரம் வந்துவிடும். மறுநாள் காலை டார்க் ரெஞ்சோடு ஐந்து நிமிட வேலை. அதற்காகக் கடைக்குத் திரும்பி வருகிறவர்கள் குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்து வழக்கொன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். ஜெர்மனியில் வேறு வழி பிடித்தார்கள். எச் அண்ட் ஆர், ஐபாக் என்ற இரண்டு பெயர்பெற்ற ஸ்பிரிங், ஸ்பேசர் கம்பெனிகளும் அங்கே ஸாவர்லாந்து மலைப்பகுதியில் அக்கம்பக்கத்து ஊர்களில் இருக்கின்றன. அவர்களின் ஸ்பேசர், எந்தக் காருக்கு எத்தனை மி.மீ., எந்த போல்ட் என்று சோதித்து எழுதிய சான்றிதழோடு வருகிறது. மாட்டிய பிறகு சோதனையாளர் ஒருவர் பார்த்து வண்டிப் பத்திரத்தில் பதிவார். இங்கே அப்படிப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. பிடித்தால் அபராதம், பிடிக்காவிட்டால் சும்மா. இரண்டிலுமே போல்ட்டின் மரையை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மொத்தமாகத் தடுப்பதைவிட எண்ணிப் பார்ப்பது உயிரைக் காக்கும் என்பது என் கட்சி.

மூன்று நான்கு வருடங்களில் கார் கைமாறும். விற்கும்முன் பழைய ஸ்பிரிங், பழைய சக்கரம், பழைய போல்ட் எல்லாம் திரும்ப ஏறிவிடும். வாங்குகிறவர் வண்டியைக் கம்பெனி நிலையில் கேட்பார். கழற்றிய வட்டு நான்கும் வீட்டுப் பரணில் கொஞ்ச நாள். பிறகு இன்னொரு போலோக்காரப் பையனுக்குப் பாதி விலைக்குப் போகும். வட்டின் நடுத்துளையில் கீறல் விழுந்திருக்கும், முகத்தில் ஹப்பின் வட்டத் தடம் பதிந்திருக்கும். ஆனாலும் நேராக இருந்தால் இன்னும் பல ஆண்டு உழைக்கும். சிக்கல் போல்ட்டில். இருபதில் ஒன்றிரண்டு தொலைந்திருக்கும், சிலவற்றைக் காலால் ஏறி முடுக்கியிருப்பார்கள், எது நீண்டது எது நல்லது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு புது போல்ட்டைப் பக்கத்தில் வைத்து மரையோடு மரை பொருத்திப் பார்த்தால் நீண்டதில் வெளிச்சம் தெரியும். அந்தச் சோதனைக்கு நிற்காதவற்றைத் தள்ளிவிட வேண்டும்.

வாங்க வந்த பையன் வட்டைத் தட்டிப் பார்த்து, நிறம் போயிருக்கிறது என்று விலை பேசுவான். போல்ட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவனிடம் விற்கலாம்.